“ரீச்சர், அது எங்கட தேயிலையா?”

கேள்வி:

நான் வெள்ளவத்தையில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் 4 ஆம் தரத்து வகுப்பாசிரியை. எமது ஆங்கிலப் பாடநூலில் அமெரிக்கக் குடியேற்றநாடுகளின் சுதந்திரப் போர் ஓர் அலகாக வருகிறது. அதற்கு ஆறு பாடவேளைகள். வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள், அநேகமாக எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். சென்ற ஆண்டு, வரி என்றால் என்னவென்று விளக்குவதற்காக ஒவ்வொருவருக்கும் பத்து ரொபி கொடுத்துவிட்டு, ‘அரசரின் வரி’ என்று சொல்லி அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்தேன். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். வரி அறவிடுவதற்கு நான் நியமித்த மாணவனுடன் சில நாள்களாக ஒருவரும் பேசவில்லை. அவனுடைய தந்தை தொலைபேசியில் கோபப்பட்டார். கடலில் கொட்டப்பட்ட தேயிலையைப் பற்றிச் சொன்னபோது ஒரு பிள்ளை, “ரீச்சர், அது எங்கட தேயிலையா?” என்று கேட்டாள். இன்னொருவன், “எங்கட நாட்டிலயும் சண்டை பிடிச்சுத்தானா சுதந்திரம் எடுத்தது?” என்றான். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இவ்வாண்டு எப்படித் தொடங்குவது? போரில் நடந்த கொலைகளை ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம்?

– ஓர் ஆசிரியை, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டே ஆறு பாடவேளைகளையும் நடத்திவிடலாம் என்பது, ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்து, பின்னர் ஆசிரிய ஆலோசகராகப் பல வகுப்புகளின் பின் வாங்கில் அமர்ந்திருந்த எனது கருத்து. பாடநூலின் முதற் பக்கத்தை ஒரு நாள் தள்ளிவையுங்கள். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை இப்படிக் கேட்டாள் என்று சொல்லி, தேயிலையிலிருந்து தொடங்குங்கள்.

1773 டிசெம்பர் 16 ஆம் திகதி இரவு, பொஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அதன் நிறை 90,000 இறாத்தலுக்கும் மேல். (இறாத்தலுக்கு விளக்கம் தேவைப்படாது, கடையில் ஓர் இறாத்தல் பாண் வாங்கி வராத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கமாட்டாது.) அது சீனாவில் விளைந்த தேயிலை. கிழக்கிந்தியக் கம்பனி அதை இலண்டனுக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்து அது அமெரிக்காவுக்குப் போனது. அந்நாளில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடம் இருந்தது, மலைநாடு கண்டி அரசனிடம் இருந்தது. தேயிலைத் தோட்டம் எங்குமே இருக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் விற்பனைக்கென்று தேயிலை பயிரிட்டது 1867 இல். பொஸ்டன் நிகழ்ச்சிக்கும் அதற்கும் இடையில் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள். ஆகவே அது நமது தேயிலை அன்று. இந்தப் பதிலை நீங்களே சொல்லிவிடாமல், சுவரிலுள்ள உலகப் படத்தில் சீனாவிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி இலண்டனுக்கும், அங்கிருந்து பொஸ்டனுக்கும் ஒரு சிவப்பு நூலைப் பிள்ளைகளைக் கொண்டே ஒட்டச் செய்யுங்கள். அந்த நூல் இலங்கையின் அருகால்தான் போகிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கண்டுபிடிக்கும்.

அடுத்தது இந்தப் பாடத்தின் நடுத்தண்டு என்று நான் கருதுவது. சிறுவர் நூல்கள் பலவும், ‘பிரித்தானிய அரசர் அதிக வரி போட்டார், மக்கள் கோபங்கொண்டார்கள்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மைகூட இல்லை. 1773 ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலையின் விலை குறைந்தது. கள்ளமாகக் கொண்டுவரப்பட்ட ஒல்லாந்தத் தேயிலையைவிட மலிவாகவே கம்பனித் தேயிலை விற்கப்பட இருந்தது. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் தொடர்ந்து இருந்தது. அப்படியானால், மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? இக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் நீங்கள் வாய் திறவாமல் இருங்கள். ‘அவர்களைக் கேட்காமல் செய்தபடியால்’ என்ற பதில் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடமிருந்து வந்தே தீரும், ஏனெனில் வீட்டில் தங்களைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றி அந்த வயதினரை விட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பிரதிநிதித்துவம் என்ற சொல்லை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள்; முதலில் ‘எங்களுக்காகப் பேச அங்கே ஒருவர்’ என்று சொன்னால் போதும். அமெரிக்கக் குடியேற்றநாடுகளிலிருந்து இலண்டன் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினர்கூடத் தெரிவுசெய்யப்படவில்லை. அங்கே அவர்களுக்கு வரி விதிக்கப்பட்டது. அதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள்.

பிரித்தானியாவின் பக்கத்தையும் அதே பாடவேளையில் சொல்வது நியாயம். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் அந்நாடு பெருங்கடன் பட்டிருந்தது; அந்தப் போரினால் அமெரிக்கக் குடியேறிகளுக்கும் பயன் கிடைத்ததால் செலவில் ஒரு பங்கை அவர்கள் தருவது முறை என்று இலண்டன் எண்ணியது. 1765 இல் பத்திரிகை, சட்டப் பத்திரம், சீட்டுக்கட்டு முதலியவற்றுக்கு முத்திரை வரி வந்தது. எதிர்ப்பினால் அது மறு ஆண்டே நீக்கப்பட்டது. 1767 இல் வேறு பொருள்களுக்கு வரி வந்தது. 1770 இல் அவையும் நீங்கின, தேயிலை வரியைத் தவிர. பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகள் வேண்டியதில்லை. ஆனால் முத்திரை வரிக்கும் போரின் முதற் சண்டைக்கும் இடையில் பத்து ஆண்டுகள் கழிந்தன என்பதும், அந்தப் பத்து ஆண்டுகளும் மனு எழுதுவதிலும், பிரித்தானியப் பொருள்களைப் பகிஷ்கரிப்பதிலும், பெண்கள் வீடுகளில் நூல் நூற்று ஆடை செய்வதிலும், கூட்டங்கூடி வாதிடுவதிலும் சென்றன என்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் சண்டை மூண்ட பிறகும்கூட, அவ்வாண்டு ஜூலையில் சமாதானம் கேட்டு மன்னருக்கு ஒரு மனு போயிற்று; மன்னர் அதை ஏற்க மறுத்தார். போரை மட்டும் சொல்லி இந்தப் பத்து ஆண்டுகளை விட்டுவிட்டால், கோபம் வந்தால் உடனே துப்பாக்கி எடுப்பதுதான் சுதந்திரப் போராட்டம் என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

இனி ரொபி விளையாட்டு. உங்கள் நோக்கத்தில் பிழையில்லை. பல நாடுகளில் ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் கையில் கொடுத்த ரொபியைத் திருப்பி எடுக்கும்போது பிள்ளைக்கு அது விளையாட்டாகத் தெரியாது, உண்மையான இழப்பாகவே தெரியும். வரி அறவிட்ட மாணவனும் ஒரு பாத்திரத்தை ஏற்று நடித்தவனாக நண்பர்களுக்குத் தெரியவில்லை, ரொபியைப் பறித்தவனாகவே தெரிந்தான். அதைவிட முக்கியமாக, அந்த விளையாட்டு வரியின் கனத்தைக் காட்டியதே தவிர, கேளாமல் விதித்ததைக் காட்டவில்லை. பாடத்தின் பொருளையே அது தவறவிட்டது. அதற்குப் பதிலாக 5 ஆம் தரத்து ஆசிரியையுடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் உங்கள் வகுப்பு என்ன செய்யவேண்டும் என்பதை அவருடைய வகுப்பு வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. இது ஒரு பரிசோதனை என்பதையும், ஒரு பாடவேளையுடன் முடிந்துவிடும் என்பதையும் இரு வகுப்புக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் சுவை குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டாம், குறையாது. அவர்களின் முடிவு நல்ல முடிவாகவே அமையட்டும். விளையாட்டு மைதானத்துக்குப் போகலாம் என்றே இருக்கட்டும். நல்ல முடிவாக இருந்தும் ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று அப்போது கேளுங்கள். மலிவுத் தேயிலையின் புதிர் அங்கே அவிழும். பிறகு 5 ஆம் தரத்துக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், தமிழிலேயே எழுதட்டும். பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் வாதமும் ஆங்கிலத்திலேயே நடக்கவேண்டும் என்பதில்லை. சரி பிழை பற்றிய பேச்சைப் பிள்ளைகள் வீட்டு மொழியில்தான் தயங்காமல் பேசுவார்கள்.

கொலைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைக்கவேண்டாம், நடித்துக் காட்டவும் வேண்டாம். ஒரு நிகழ்ச்சி போதும்: 1770 மார்ச் 5 ஆம் திகதி பொஸ்டன் தெருவில் பிரித்தானியப் படையினர் கூட்டத்தின்மீது சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதைப் பற்றி, குடியேறிகளின் பக்கத்தவரான போல் றிவியர் வெளியிட்ட வண்ணப்படம் உங்கள் பாடநூலிலும் இருக்கக்கூடும்; அதில் படையினர் வரிசையாக நின்று, அதிகாரியின் கட்டளைப்படி, நிராயுதபாணிகளான மக்களைச் சுடுகிறார்கள். வழக்கில் வெளிவந்தது அவ்வளவு நேர்த்தியான காட்சி அன்று: பனிக்கட்டியும் தடியும் வீசிய கூட்டம், குழப்பம், யார் ‘சுடு’ என்றார் என்பதில் ஒவ்வாத சாட்சிகள். அந்தப் படையினருக்காக வாதாடியவர் ஜோன் அடம்ஸ். பிற்காலத்தில் சுதந்திர அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானவர் அவரே. படையினரில் ஆறு பேர் குற்றமற்றவர்கள் எனவும், இருவர் கொலையாகாத மரணம் விளைவித்தவர்கள் எனவும் தீர்ப்பாயிற்று. படத்தைக் காட்டி, ‘இதை வரைந்தவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்? எப்படித் தெரிகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். இரத்தத்தைப் பற்றிய பேச்சு, சான்றைப் பற்றிய பேச்சாகத் தானே மாறிவிடும்.

இங்கே கொழும்புக்கென்று ஒரு கவனம் தேவை. 1983 ஜூலையையோ, 2009 வரை நீடித்த போரையோ கடந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் மாலையிட்ட படமொன்று இருக்கலாம், அதைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லாதிருக்கலாம். ஆகவே வகுப்பறையைப் போர்க்களமாக்கும் எந்தச் செயற்பாடும் வேண்டாம்: தடியைத் துப்பாக்கியாக்குவதும் வேண்டாம், செத்து விழுவதுபோல் நடிப்பதும் வேண்டாம். ஒரு பிள்ளை தன் வீட்டு இழப்பைத் தானாகச் சொன்னால், கேட்டு, நன்றி சொல்லி, இடைவேளையில் அருகில் அழைத்துப் பேசுங்கள். வகுப்பின் முன்னால் மேலும் துருவிக் கேட்காதீர்கள்.

1776 ஜூலை 4 ஆம் திகதி வெளியான அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று கூறுகிறது. அதே வேளையில் அங்கே வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை; பிரகடனத்தின் முதல் வரைவை எழுதிய ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். இதை நான்காம் தரத்துக்குச் சொல்லலாமா என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. சொல்லவேண்டும், ஆனால் எந்தப் பிள்ளையையும் அடிமையாக நடிக்கச் செய்யக்கூடாது. வரலாற்றை உயிரோட்டமாக்குகிறோம் என்று எண்ணிச் செய்யும் பிழைகளில் இதுவே மோசமானது. நிறத்தையும் பட்டத்தையும் சொல்லிக் கேலி செய்யும் வயது அது. பிள்ளைகளை ஐவர் ஐவராக இருத்தி, பிரகடனத்தை யார் யார் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள், யார் ‘எனக்கு என்ன?’ என்று கேட்டிருப்பார்கள் எனப் பேசச் செய்யுங்கள். அச்சுக்கூடக்காரர், நூல் நூற்ற பெண், மன்னருக்கு விசுவாசமாக இருந்ததால் பின்னர் கனடாவுக்கு ஓட நேர்ந்த வணிகர், காணியை இழந்துகொண்டிருந்த பூர்வகுடித் தலைவர், புகையிலைத் தோட்டத்து அடிமை – ஐவரைப் பற்றியும் தலைக்கு மூன்று வாக்கியம் போதும். அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865 இல் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆண்டுகளில் மூன்றை மட்டும் மனப்பாடமாக்கலாம்: 1773, 1776, போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தான 1783. கதை விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு: 1781 இல் யோர்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த பிரித்தானியப் படையின் தளபதி கோர்ன்வாலிஸ், ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவின் ஆளுநர் நாயகமாக நியமிக்கப்பட்டு, பின்னர் மைசூரில் திப்பு சுல்தானுடன் போரிட்டார். ஒரு பேரரசு ஓரிடத்தில் தோற்றால் மறைந்துவிடுவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியாது.

இப்போது அந்த மாணவனின் கேள்வி. ‘சண்டையும் நடந்தது, ஆனால் 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திரம் கிடைத்தது பேச்சுவார்த்தையாலும் சட்டத்தாலும்’ என்பதுதான் நேர்மையான பதில். 1803 இல் வன்னியில் பண்டாரவன்னியன், 1818 இல் ஊவா வெல்லஸ்ஸவில் கெப்பெட்டிபொல, 1848 இல் மாத்தளையில் புரன் அப்பு எனப் போராடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எவரும் வெல்லவில்லை. பிற்காலத்தில் வழி வேறாயிற்று: 1919 இல் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது, 1931 இல் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது, பின்னர் சோல்பரி அரசியலமைப்பு வந்தது. இவற்றில் 1848 ஐ மட்டும் எடுத்து விரிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் பொஸ்டனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. தேசாதிபதி டொறிங்டன் துப்பாக்கிக்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதித்தார். நாய்க்கும் வரி விதித்தார். வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். அன்றைய சட்டநிரூபண சபையில் நாட்டவர் சிலர் இருந்தார்கள்தான், ஆனால் மக்கள் தெரிவுசெய்தவர்கள் அல்லர், தேசாதிபதி நியமித்தவர்கள். நாய் வரி என்றதும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை அதன் பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

ஒப்பிடும்போது வேறுபாட்டை மறக்கவேண்டாம். அமெரிக்காவில் கிளர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிரித்தானியாவிலிருந்து சென்று குடியேறியவர்களும் அவர்களின் சந்ததியாருமே. பிரித்தானியருக்குள்ள உரிமை தமக்கும் வேண்டும் என்றே அவர்கள் வாதத்தைத் தொடங்கினார்கள். இங்கேயோ வேற்று நாட்டவர் வந்து, ஏற்கெனவே வாழ்ந்தவர்களை ஆண்டார்கள். ‘குடியேற்றநாடு’ என்ற நமது சொல் இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிடுகிறது. இந்நாட்டில் குடியேற்றம் என்ற சொல்லுக்கு வேறு சுமைகளும் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். ‘யார் போய்க் குடியேறினார்கள், யார் ஏற்கெனவே இருந்தார்கள்’ என்று இரு படங்களிலும் விரல் வைத்துக் காட்டச் செய்தால் குழப்பம் தீரும்.

முடிந்தால் ஆறாவது பாடவேளையைச் சுதந்திர சதுக்கத்தில் நடத்துங்கள். உங்கள் பாடசாலையிலிருந்து அது தொலைவில்லை. அந்த இடத்தின் பழைய பெயர் டொறிங்டன் சதுக்கம், நாய்க்கு வரி போட்டவரின் பெயர்தான். சுதந்திரம் கிடைத்து ஆறு நாளின் பின், 1948 பெப்ரவரி 10 ஆம் திகதி, சுதந்திர வைபவம் அங்கேதான் நடந்தது. அங்குள்ள மண்டபம், கண்டி அரசு பிரித்தானியரிடம் போன 1815 ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான அரசவை மண்டபமாகிய மகுல் மடுவவின் சாயலில் கட்டப்பட்டது. தூண்களின் கீழே உட்கார்ந்துகொண்டு, தோற்ற இடத்தின் வடிவத்தைச் சுதந்திர மண்டபத்துக்கு ஏன் தேர்ந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே பதிலை எதிர்பார்க்காதீர்கள். பண்டாரவன்னியனைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம்: கற்சிலைமடுவில் அவனுடைய பெயரைச் சொல்லும் பழைய கல், அவனைப் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்ததைக் குறிக்க வென்றவர்கள் நட்ட கல். றிவியரின் படத்துக்குக் கேட்ட அதே கேள்வியை இந்தக் கல்லுக்கும் அவர்கள் கேட்பார்கள்.

மலையகக் குடும்பத்துப் பிள்ளையொன்று வகுப்பில் இருந்து, ‘எங்கட தாத்தாவுக்கும் அன்றைக்குச் சுதந்திரம் கிடைச்சதா?’ என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பவேண்டாம். சுதந்திரம் கிடைத்த அதே 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நாடற்றவையாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். இந்த இரண்டு வாக்கியங்களை, குரலை உயர்த்தாமல், பிரகடனத்தைக் கேட்ட ஐவரை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். தேயிலை நமதா என்று கேட்ட பிள்ளைக்கும் அப்போது மற்றொரு பதில் கிடைக்கும்: நமது தேயிலை பிறகு வந்தது, அதைப் பறித்தவர்கள் இவர்கள்.

அதிபரிடம் அலகுத் திட்டத்தை முன்னதாகவே காட்டி, பெற்றோருக்குத் தமிழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று அனுப்புங்கள்: இந்த ஆறு பாடவேளைகளில் என்ன நடக்கும், வெள்ளிக்கிழமைப் பரிசோதனை எதற்கு, ரொபி இம்முறை இல்லை என்று. சென்ற ஆண்டு தொலைபேசியில் கோபப்பட்ட அந்தத் தந்தையின் இளைய பிள்ளை இவ்வாண்டு உங்கள் வகுப்பில் இல்லாவிட்டாலும், அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.